தலைக்காயத்துக்குப் பிறகு கணவர் எதையும் தானாகச் செய்வதில்லை, சட்டென்று கோபப்படுகிறார். பழையபடி ஆவாரா?

விபத்து நடந்து நான்கு மாதம், ஸ்கேன் நன்றாக இருக்கிறது, ஆனாலும் சொன்னால்தான் குளிக்கிறார், சொன்னால் எரிந்து விழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே நிலையில் என் அண்ணனை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவன் நான். சோம்பல் என்றோ, உங்கள் மேல் வெறுப்பு என்றோ தயவுசெய்து நினைக்காதீர்கள். ஒரு வேலையைத் தொடங்க வைப்பதும், வரும் கோபத்தை அடக்குவதும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. தலைக்காயத்தில் அடிக்கடி பாதிக்கப்படுவதும் அதுதான். மூளை குலுங்கி நுண்ணிய நரம்பிழைகள் அறுந்திருந்தால் சிடி ஸ்கேனில் தெரியாமலே போகலாம்.

அண்ணன் டூத்பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி வாஷ்பேசின் முன்னால் அப்படியே நின்றுவிடுவார். பல் தேய்க்கத் தெரியும், அடுத்து என்ன என்பதுதான் வராது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிறவர்) சொன்னபடி கண்ணாடி ஓரத்தில் ஒரு தாள் ஒட்டினோம்: பேஸ்ட் வை, தேய், கொப்பளி, முகம் கழுவு. நாங்கள் வாயால் சொன்னால் சிடுசிடுத்தவர், தாளைப் பார்த்துத் தானே செய்தார். அப்புறம் மாத்திரைக்கும் குளியலுக்கும் போனில் அலாரம். தினமும் அதே நேரம், அதே வரிசை. 1848இல் இரும்புக் கம்பி தலையைத் துளைத்துப் போன பினியஸ் கேஜ் என்ற அமெரிக்கத் தொழிலாளி, குணமே மாறிப்போனார் என்று சொல்லப்பட்டவர், பிற்பாடு சிலி நாட்டில் பல வருடம் குதிரை வண்டி ஓட்டினார். அன்றாடம் ஒரே ஒழுங்கில் வந்த வேலைதான் அவரைத் தேற்றியிருக்கும் என்று கருதுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

பார்க்க வருகிறவர்கள் "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று சோதிப்பதை நிறுத்துங்கள். ஞாபகம் பலவீனமாக இருக்கும்போது தப்பான பதில் ஒருமுறை வாயில் வந்தால் அதுவே பதிந்துவிடக்கூடும், திருத்தியது நினைவில் நிற்காது. "சித்தப்பா வந்திருக்காங்க" என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

கோபம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். எங்கள் வீட்டில் டிவி ஓடும்போது இரண்டு பேர் பேசினால் வந்துவிடும். இந்தக் காயத்தில் களைப்பு மிக அதிகம், அதனால் சோர்ந்த பிறகு என்று காத்திருக்காமல் முன்கூட்டியே படுக்க வையுங்கள். வெடித்துவிட்டால் வாதாட வேண்டாம், டிவியை அணைத்துவிட்டுச் சற்று விலகி இருங்கள்.

முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாக இரண்டு வருடம், அதற்கு மேலும் தொடரும். எல்லாமே திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது. அண்ணன் இன்று வேலைக்குப் போகிறார், ஆனால் முன்பைவிட அமைதியான ஆள்.

மது கூடவே கூடாது. டாக்டர் சரி சொல்லாமல் வண்டி வேண்டாம். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மனச்சோர்வும் இதில் சகஜம், அதற்குத் தனி சிகிச்சை உண்டு. அடுத்த முறை போகும்போது நியூரோசைக்காலஜி பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். எந்தத் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அதில்தான் தெரியும், பயிற்சியையும் அதை வைத்துத்தான் திட்டமிடுவார்கள்.