பற்று நோட்டில் இருக்கும் விடை

நண்பரே, கடன் வாங்கிச் செலவழிக்கும் குடும்பம் நொடித்துப்போகும்போது அரசு மட்டும் எப்படித் தப்பிக்கும் என்று உங்கள் அப்பா கேட்டதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என எழுதியிருந்தீர்கள். விடை உங்கள் உசிலம்பட்டி மளிகைக் கடையின் பற்று நோட்டிலேயே இருக்கிறது. 2020 மே மாதத்தில் மத்திய அரசு நூறு நாள் வேலைத் திட்டத்திற்கு, ஏற்கெனவே ஒதுக்கிய 61,500 கோடி ரூபாய்க்கு மேல் 40,000 கோடி ரூபாயை அறிவித்தது. அந்தக் கூலி கணக்கில் ஏறிய வாரம், பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு அரை லிட்டர் கடலை எண்ணெய் கூடுதலாக வாங்கியவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒருவர் செய்யும் செலவுதான் இன்னொருவரின் வருமானம்; அதனால் அரசும் சேர்ந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கையை இறுக்கினால் உங்கள் கல்லாதான் முதலில் காயும். அப்பாவின் அச்சத்திலும் நியாயம் உண்டு. இப்போதே மத்திய அரசின் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போகிறது.