தேயிலை நின்ற மண்ணில் மரக்கறி ஏன் மஞ்சளிக்கிறது?

பொகவந்தலாவைப் பகுதியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்களுக்குக் கிடைத்த ஏழு பேர்ச் காணியில் வீடு போக எஞ்சிய இடத்தில் மரக்கறி வைத்திருக்கிறோம். முன்பு தேயிலை நின்ற இடம். போஞ்சி மஞ்சளித்து நிற்கிறது. பீட்ரூட் விரல் பருமனைத் தாண்டவில்லை. கோவா வாடிச் சுருள்கிறது. இரண்டு முறை யூரியா போட்டும் பயனில்லை. சம்பள நாளன்று வந்த ஒருவர், மண் செத்துவிட்டது என்றும் தம்மிடமுள்ள சத்து மருந்தை மூன்று மாதம் தெளித்தால் சரியாகும் என்றும் சொல்லி முற்பணம் வாங்கிச் சென்றார். மீதியைக் கொடுத்து அதை வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். உங்கள் மண் சாகவில்லை, புளித்திருக்கிறது. புளித்த மண்ணுக்கு இலையில் தெளிக்கும் எந்தப் போத்தலும் மருந்தாகாது.

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. மண்ணின் புளிப்பை அளக்கும் பி.எச். பெறுமானம் ஏழு என்றால் நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை உகந்தது. போஞ்சி, கோவா, பீட்ரூட் போன்றவற்றுக்கோ ஏறக்குறைய 6 வேண்டும். மலையகத்தின் மழை இயல்பாகவே மண்ணிலுள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கழுவிச் செல்வது. அதன்மேல் பல தலைமுறைகளாகத் தேயிலைக்கு இட்ட நைதரசன் உரங்களும் புளிப்பைக் கூட்டியிருக்கின்றன. நீங்கள் இரண்டு முறை இட்ட யூரியாவும் மண்ணில் மாறும்போது அதையே செய்கிறது. ஆகவே பயனில்லாமல் போனது மட்டுமன்றி, குறையைச் சற்று வளர்த்தும் விட்டது.

இவ்வளவு புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைக் கருக்குகிறது. வேர் கட்டையாகிப்போன செடிக்கு, பக்கத்திலேயே பசளை கிடந்தாலும் எட்டாது. பொஸ்பரசு இருக்கும், ஆனால் இரும்போடும் அலுமினியத்தோடும் இறுகிக்கொள்ளும். களஞ்சியத்தில் நெல் இருந்தும் சாவி தொலைந்த வீட்டின் நிலைதான் அது. தோட்டத்துத் துரை பங்களாவின் வேலியோரம் ஹைட்ரேஞ்சியாப் பூ நீல நிறத்தில் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். புளிப்பு மண்ணில் கரைந்த அலுமினியத்தை அச்செடி எடுத்துக்கொள்வதாலேயே அந்த நீலம் வருகிறது. புளிப்பற்ற மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். உங்கள் அயலில் நீலமாகப் பூத்தால், உங்கள் மண்ணைப் பற்றி ஒரு நல்ல குறிப்பு செலவில்லாமல் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். வீட்டுக்காகச் சரிவை பெக்கோ இயந்திரத்தால் வெட்டிச் சமப்படுத்தும்போது, கறுத்த மேல்மண் கீழே தள்ளப்பட்டு, செம்மஞ்சள் நிற அடிமண் மேலே வந்துவிடும். தேயிலைத் தோட்டமே பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு உடனே புதுக்கன்று நடுவதில்லை. குவாத்தமாலா புல்லையோ மானாப் புல்லையோ வளர்த்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மண்ணைத் தேற்றிய பிறகே நடுகிறது. குடும்பங்களுக்கு வீடு கொடுத்தவர்கள் அந்த இரண்டு ஆண்டு அறிவில் ஒரு வரியையாவது அச்சிட்டுக் கையில் கொடுத்திருக்கலாம்.

மருந்தைப் பற்றிப் பேசுமுன், வாடிய கோவா ஒன்றை வேரோடு மெதுவாகத் தோண்டி எடுத்து, நீரில் கழுவிப் பாருங்கள். வேர்கள் குட்டையாக, நுனி பழுப்பாக, சல்லிவேர் இன்றி இருந்தால் புளிப்பே காரணம். வேர்கள் இஞ்சிக்கிழங்கு போல வீங்கித் திரண்டிருந்தால் அது கழலை வேர் நோய். நுவரெலியாப் பக்கத்து விவசாயிகளுக்கு நன்கு தெரிந்தது. அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும், புளிப்பு மண்ணில் பெருகும். அப்படியானால் அந்தப் பாத்தியில் கோவா, நோக்கோல், முள்ளங்கி போன்ற அந்தக் குடும்பத்துச் செடிகளைப் பல ஆண்டுகளுக்கு வைக்காதீர்கள். பிடுங்கிய வேர்களைக் கூட்டெருக் குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது டொலமைட். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் காலத்தில் மலைக்குத் தூவும் அதே வெள்ளைத் தூள்தான். புதிய பெயருமல்ல, புதிய பொருளுமல்ல. நம் நாட்டிலேயே, கண்டிக்கு அருகில் திகனைப் பகுதியிலும் மாத்தளையிலும் தோண்டி எடுக்கப்படும் கல்லின் பொடி அது. கல்சியத்தையும் மக்னீசியத்தையும் ஒருங்கே தருவதால், மழை கழுவிய மலை மண்ணுக்கு வெறும் சுண்ணாம்பைவிட ஏற்றது. மண் பரிசோதனை செய்யாத நிலையில், ஒரு சதுர மீற்றருக்கு 200 கிராம் என்பது பாதுகாப்பான தொடக்க அளவு. மூன்று அடி அகலமும் பத்து அடி நீளமும் உள்ள ஒரு பாத்திக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் வரும். ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடும் வாசலும் கானும் போக 500 சதுர அடியில் நீங்கள் பயிரிட்டால், மொத்தத் தேவை 9 முதல் 10 கிலோ மட்டுமே. ஆகவே 50 கிலோ மூட்டை ஒன்றை ஐந்து வீட்டார் சேர்ந்து வாங்கிப் பங்கிடலாம். ஒரு வீட்டின் பங்கையும், அந்தப் போத்தலுக்குக் கேட்ட விலையையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

தூவிவிட்டு அப்படியே விட்டால் சரிவில் மழையோடு போய்விடும். ஆறு அங்குல ஆழத்துக்குக் கொத்திக் கலக்க வேண்டும். அது மெதுவாக வேலை செய்வது. நடுவதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பாவது இட வேண்டும். உங்கள் பக்கத்தில் மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்துக்கொள்ளும் என்பதால், மார்ச், ஏப்ரல் மாதங்கள் பொருத்தமானவை. மாட்டெருவையோ கோழி எருவையோ யூரியாவையோ டொலமைட்டோடு ஒரே நாளில் இடாதீர்கள். நைதரசன் வாயுவாகப் பறந்துவிடும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டுக் கூட்டெருவைச் சேருங்கள். அடிமண் மேலே வந்த இடத்தில் கூட்டெரு இல்லாமல் டொலமைட் மட்டும் அரை வேலையே செய்யும். வீதியோரங்களில் மஞ்சள் பூவோடு புதர்போல் வளரும் காட்டுச் சூரியகாந்தியின் இளந்தண்டும் இலையும் சத்து நிறைந்தவை. பூக்குமுன் வெட்டி மண்ணில் புதைத்தால் விரைவில் மக்கிவிடும்.

அடுப்புச் சாம்பலும் புளிப்பைக் குறைக்கும், பொட்டாசியமும் தரும். விறகுச் சாம்பல் மட்டும். பிளாஸ்திக்கோ பெயின்ட் அடித்த பலகையோ எரிந்த சாம்பல் வேண்டாம். மழையில் நனையாமல் தகரத்தில் மூடி வைத்து, சதுர மீற்றருக்கு 100 கிராமுக்கு மேற்படாமல் ஒரு போகத்துக்கு ஒரு முறை இடலாம். முட்டை ஓடு நல்லதுதான். ஆனால் நன்றாகப் பொடி செய்தாலும் மிக மெதுவாகவே பயன் தரும்.

ஒரு பயிரை மட்டும் இந்த அறிவுரையிலிருந்து விலக்குகிறேன். அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. உருளைக்கிழங்கு நடப்போகும் பாத்திக்கு டொலமைட் இடாதீர்கள். உருளைக்கிழங்கு புளிப்பைத் தாங்கும். 5க்குச் சற்று மேல் இருந்தாலே நன்றாக விளையும். மண்ணின் புளிப்பைக் குறைத்தால், கிழங்கின் தோலில் தக்கைபோல் தடித்த சொறி உண்டாக்கும் நுண்ணுயிர் பெருகத் தொடங்கும். சொறி பிடித்த கிழங்கைத் தோல் சீவிச் சாப்பிடலாம், ஆனால் கடைக்காரர் எடுக்கமாட்டார். அதையே விதைக்கிழங்காக வைத்தால் அடுத்த போகத்துக்கும் நோயை நீங்களே நட்டதாகும். எனவே முதலில் புளித்த மண்ணிலேயே உருளைக்கிழங்கை எடுத்துவிட்டு, அதன்பின் அந்தப் பாத்திக்கு டொலமைட் இட்டுப் போஞ்சியும் பீட்ரூட்டும் வையுங்கள். மீண்டும் உருளைக்கிழங்குக்கு வருமுன் மூன்று நான்கு போகம் விடுங்கள். சாம்பலுக்கும் இதே விதிதான். வெட்டிய விதைக்கிழங்கின் முகத்தில் சாம்பல் தொட்டு நடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தச் சிட்டிகைச் சாம்பலால் கெடுதல் இல்லை, அதை நிறுத்த வேண்டியதும் இல்லை. பாத்தி முழுவதும் அடுப்பைக் கவிழ்ப்பதையே வேண்டாம் என்கிறேன்.

இனி, உங்கள் வாசலுக்கு வந்தவரைப் பற்றி. 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதி ஒரே அறிவிப்பில் நிறுத்தப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரிலேயே அந்த முடிவு கைவிடப்பட்டது. அந்த இடைவெளியில் உரம் கிடைக்காமல் தவித்த மக்களிடம் பெயர் தெரியாத திரவங்களை விற்கக் கற்றுக்கொண்டவர்கள் இன்றும் அதை விடவில்லை. ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். நூற்றுக்கு ஐந்து பங்கு நைதரசன் உள்ளதாக எழுதப்பட்ட ஒரு லீற்றர் திரவத்தில் ஏறத்தாழ 50 கிராம் நைதரசன் இருக்கும். ஒரு கிலோ யூரியாவிலோ 460 கிராம். யூரியாவே உதவாத மண்ணில் அந்தப் போத்தல் எதைச் சாதிக்கும்? தெளித்த சில நாட்களுக்கு இலை பச்சையாகத் தோன்றும். அந்தப் பச்சையைக் காட்டித்தான் இரண்டாவது போத்தலை விற்பார்கள். வேர் கருகிய செடியை இலை வழியாக ஊட்டி விளைச்சலுக்குக் கொண்டுவர முடியாது. 1988ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டத்தின்படி இந்நாட்டில் உர விற்பனை ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது. பொருளின் பெயர், உள்ளடக்கம், நிறை, தேசிய உரச் செயலகத்தின் பதிவு ஆகியவை இல்லாத போத்தலை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

டொலமைட் வாங்கும்போதும் ஏமாறாதீர்கள். வெள்ளைத் தூள் எல்லாம் டொலமைட் ஆகாது. ஜிப்சம் பார்வைக்கு அதேபோல் இருக்கும், கல்சியமும் உண்டு, ஆனால் மண்ணின் புளிப்பைக் குறைக்காது. ஒரு கரண்டித் தூளில் சற்றுச் சூடாக்கிய வினாகிரியை விட்டுப் பாருங்கள்: டொலமைட்டில் சிறு குமிழ்கள் மெதுவாக எழும், ஜிப்சத்தில் எழாது. சுவருக்கு அடிக்கும் நீற்றுச் சுண்ணாம்பைப் பொதி மாற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். அது கையையும் கண்ணையும் புண்ணாக்கும், அளவு தவறினால் செடியையும் கருக்கும். லொறியில் 'கறுப்பு மண்' கொண்டுவந்து கொட்டுகிறேன் என்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். யாரோ ஒருவரின் மலைச்சரிவைச் சுரண்டி எடுத்த மண் அது. கழலை வேர் நோயும் அதோடு சேர்ந்து வரலாம். கோவா நாற்றையும் சந்தையில் வேர் பாராமல் வாங்காதீர்கள். விதை வாங்கிப் புதிய மண்ணில் நீங்களே நாற்றுத் தவறணை போடுவது எவ்வளவோ மேல்.

மண்ணைப் பரிசோதித்துவிட்டு அளவைத் தீர்மானிப்பதே முறையானது. அதையே முதலில் எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. விவசாயப் போதனாசிரியர் அலுவலகத்துக்குப் போனால், தோட்டத்தில் குடியிருப்பவர் விவசாயியாகப் பதியப்படவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள் என வாசகர்கள் தொடர்ந்து எழுதுகிறார்கள். ஒரு நாள் சம்பளத்தை இழந்து போனவருக்குச் சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட படிவம் நீட்டப்படுகிறது. தமிழ் 1987 முதல் அரசியலமைப்பின்படி அரசகரும மொழி. தேயிலையின் மண்ணை ஆராய 1925இலேயே ஒரு நிறுவனம் தொடங்கிய நாட்டில், அதே மண்ணில் நான்கு பாத்தி மரக்கறி போடும் குடும்பத்துக்கு ஒரு பிடி மண்ணைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை என்பதை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. ஆயினும் கேட்காமல் விடாதீர்கள். விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவையை 1920 என்ற இலக்கத்தில் அழைத்து, தமிழில் கேட்டு, மண் மாதிரியை எங்கே கொடுப்பது என்று கேளுங்கள். பாத்தியின் ஐந்தாறு இடங்களில் ஆறு அங்குலம் வரை மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைச் சுத்தமான பையில் கட்டிக் கொடுத்தால் போதும். ஐந்து வீட்டார் சேர்ந்து ஒருவரை அனுப்பினால் ஐந்து நாள் சம்பளம் போகாது.

இப்போது நிற்கும் போஞ்சியைப் பிடுங்க வேண்டாம். வரிசைகளுக்கு இடையே கொஞ்சம் சாம்பலைத் தூவி மேலாகக் கொத்திவிட்டு, கிடைப்பதைப் பறித்துக்கொள்ளுங்கள். பீட்ரூட் இனித் திரளாது; இலையைக் கீரையாகச் சமைத்துவிட்டு இடத்தைக் காலியாக்குங்கள். டொலமைட் வேலை செய்யும் வரை ஒரு மூலையில் வற்றாளைக் கொடி நடலாம். அது புளிப்பைப் பொறுக்கும், இலையும் கறிக்கு உதவும்.

முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பற்றுச்சீட்டு இருந்தால் அதன் படத்தையும், அவர் காட்டிய போத்தலின் படத்தையும் தொலைபேசியில் எடுத்து வையுங்கள். தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறைப்பாடு செய்யலாம். உங்கள் குடியிருப்பில் வேறு யாரெல்லாம் பணம் கொடுத்தார்கள் என்று விசாரித்து, எல்லாரும் சேர்ந்து ஒரே முறைப்பாடாகச் செய்யுங்கள். அடுத்த சம்பள நாளுக்கு அவர் வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.