‘தௌ’ என்றால் ‘தாங்கள்’ அல்ல: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஷேக்ஸ்பியரிலும் பழைய ஆங்கில பைபிளிலும் வரும் தௌ (thou), தீ (thee), தை (thy), தைன் (thine). எது எங்கே வரும்?

நீ, உன்னை, உன், உன்னுடையது. அவ்வளவுதான். ஒரு நுணுக்கம்: அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் தை பெரும்பாலும் தைன் ஆகும். தை ஹேண்ட் (hand), ஆனால் தைன் ஐ (eye). பழைய பைபிளில் தைன் ஹார்ட் என்றும் இருக்கும்; அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

கேள்வி: ‘வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ’ என்பதை ‘ரோமியோ, நீ எங்கே இருக்கிறாய்’ என்று எழுதினேன். மதிப்பெண் தரவில்லை.

தராதது சரி. வேர்ஃபோர் என்றால் ‘ஏன்’. எதிரிக் குடும்பத்து ரோமியோவாக ஏன் பிறந்தாய் என்பதே ஜூலியட்டின் ஆதங்கம். அவன் கீழே தோட்டத்தில் நிற்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த இரண்டு வரியைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கேள்வி: ஓய்வுபெறும் தலைமையாசிரியருக்கு வாழ்த்து மடல். ‘வீ தேங்க் தௌ, ஃபார் தௌ ஹேத் டாட் அஸ்’ என்று எழுதியுள்ளோம். கம்பீரமாக இருக்கிறதா?

அச்சுக்குக் கொடுக்காதீர்கள். ஒரே வரியில் மூன்று பிழை. ‘தேங்க்’ என்பதற்குப் பின் தீ வர வேண்டும். ஹேத் என்பது அவன், அவள், அது ஆகியவற்றுக்கு உரியது. தௌ வந்தால் ஹேஸ்ட். மூன்றாவதுதான் பெரிய பிழை: அவரை ‘நீ’ என்று அழைத்திருக்கிறீர்கள்.

தௌ மரியாதைச் சொல் என்ற தவறான எண்ணத்தை எத்தனை முறை மறுத்தாலும் போவதில்லை. 13ஆம் நூற்றாண்டு வாக்கில், பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி, ஒருவரையே மரியாதையாக, பன்மைச் சொல்லான யூ என்று அழைக்கத் தொடங்கினார்கள். வேலைக்காரர், குழந்தை, நெருங்கியவர் ஆகியோருக்குத் தௌ நின்றது. 1603இல் வால்டர் ராலே மீதான ராஜதுரோக வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை அவமதிக்கவே ‘ஐ தௌ தீ, தௌ ட்ரெய்ட்டர்’, அதாவது ‘துரோகியே, உன்னை நீ என்றே அழைக்கிறேன்’ என்றார். அதே நூற்றாண்டின் நடுவில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பெரிய மனிதர்களையும் தௌ என்றே அழைத்து, அதற்காக ஏச்சும் அடியும் வாங்கினார்கள்.

அப்படியானால் கடவுளை ஏன் தௌ என்கிறார்கள்? எபிரேய, கிரேக்க மூலங்களில் ஒருமை. 1611இல் வந்த ஆங்கில பைபிள் அந்த ஒருமையைக் காத்தது. தமிழ் பைபிளிலோ ‘உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக’ என்று படித்துப் பழகிவிட்டோம். அதனால் தை என்பதையும் ‘உம்முடைய’ போன்ற மரியாதைச் சொல்லாக எடுத்துக்கொள்கிறோம்.

மடலில் யூ போடுங்கள். பழைய நடைதான் வேண்டுமென்றால் வினையை மனப்பாடம் செய்யுங்கள்: தௌ என்றால் ஆர்ட், ஹேஸ்ட், டஸ்ட், வில்ட், ஷேல்ட். ஹீ, ஷீ, இட் என்றால் ஹேத், டத், கோயத். ஐ (I) என்றால் இன்றைய வினையே. எல்லா வினைக்கும் ‘எத்’ ஒட்டினால் பழமை வராது, பிழைதான் வரும்.

கேள்வி: ஆங்கில பைபிளில் யீ (ye), யூ (you) இரண்டும் கலந்து வருகின்றனவே?

கலப்பே இல்லை. யீ ‘நீங்கள்’, யூ ‘உங்களை’, இரண்டும் பன்மை. லூக்கா 22:31, 32ஐப் பாருங்கள். சாத்தான் புடைக்கக் கேட்டது யூ, அதாவது சீடர் எல்லோரையும்; இயேசு வேண்டிக்கொண்டது தீ, அதாவது பேதுருவுக்காக. இன்றைய ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. தமிழில் ‘உங்களை’, ‘உனக்காக’ என்று தெளிவாக இருக்கிறது.

கேள்வி: கடைப் பலகையில் ‘யீ ஓல்ட்’ என்று இருப்பதும் இந்த யீ தானா?

இல்லை. அது ‘தி’. ‘த’ ஒலிக்கு இருந்த தார்ன் என்ற பழைய எழுத்துக்குப் பதிலாக, வடிவ ஒற்றுமையால் அச்சகத்தார் ஒய் போட்டார்கள். படிக்கும்போது ‘தி’ என்றே படிக்க வேண்டும்.

கேள்வி: பழைய ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றுக்கும் பொருள் அனுப்பவும்.

எந்த நூல், எந்த வரி? முழு வாக்கியத்தோடு எழுதுங்கள். மேலும் இது ‘பழைய ஆங்கிலம்’ அல்ல. சுமார் 1500 முதல் 1700 வரையிலான முற்கால நவீன ஆங்கிலம். பழைய ஆங்கிலம் 1100 வாக்கிலேயே முடிந்துவிட்டது. அதைத் தனிமொழி போலத்தான் படிக்க வேண்டும்.

கேள்வி: ‘ஐ மீதிங்க்ஸ்’ (I methinks) சரியா?

தவறு. மீதிங்க்ஸ் என்றாலே ‘எனக்குத் தோன்றுகிறது’. ‘எனக்கு’ உள்ளேயே இருக்கும்போது ‘நான்’ எதற்கு? இறந்தகாலம் மீதாட்.