மைனஸ் 2.6 நோயா? த்ரீ சிக்மா பாராட்டா?

கேள்வி: அம்மாவுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்தோம். 'டி ஸ்கோர் -2.6' என்று வந்தது. ஸ்டாண்டர்டு டீவியேஷன் அவ்வளவு கீழே இருக்கிறதாம். 2.6 சதவீதம்தானே குறைவு, இதற்கு மருந்து வேண்டுமா என்கிறார் அம்மா. அலுவலகத்திலோ, எட்டுப் பேர் உள்ள எங்கள் குழுவில் என்னை 'த்ரீ சிக்மா ஆள்' என்கிறார் மேலாளர். இரண்டும் ஒன்றுதானா? – ஒரு வாசகி

பதில்: ஒன்றேதான். சிக்மா என்பது திட்ட விலக்கத்தை, அதாவது நீங்கள் சொன்ன ஸ்டாண்டர்டு டீவியேஷனைக் குறிக்கும் கிரேக்க எழுத்து. ஆனால் அது சதவீதம் இல்லை, இதை இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

'விலக்கம்' என்றதும் ஏதோ தடம் மாறிப் போனதுபோலக் காதில் விழுகிறது. அப்படி எதுவும் இல்லை. ஒரு கூட்டத்தின் எண்கள் தங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்கான அளவு அது. இரண்டு வகுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஐந்து பேரின் மதிப்பெண்கள் 58, 59, 60, 61, 62. மற்றதில் 20, 40, 60, 80, 100. இரண்டிலும் சராசரி 60தான். திட்ட விலக்கமோ முதல் வகுப்பில் 1.4, இரண்டாவதில் 28.3. இப்போது 62 வாங்கிய பிள்ளையைப் பாருங்கள். முதல் வகுப்பில் அவள்தான் முதலிடம், சராசரிக்கு 1.4 விலக்கம் மேலே. அதே 62-ஐ இரண்டாவது வகுப்பின் அளவால் அளந்தால் 0.1 விலக்கம்கூட வராது. மதிப்பெண் மாறவில்லை, கூட்டம்தான் மாறியது. அதனால் யாராவது 'இத்தனை சிக்மா' என்றால், எந்தக் கூட்டத்தில் என்று உடனே கேட்டுவிட வேண்டும்.

உங்கள் மேலாளரிடமும் அதைத்தான் கேட்கச் சொல்வேன். மணி வடிவத்தில், அதாவது சராசரியை ஒட்டி நிறையவும் ஓரங்களில் கொஞ்சமுமாகப் பரவும் அளவுகளில் சுமார் 68 சதவீதம் ஒரு விலக்கத்துக்குள்ளும், 95 சதவீதம் இரண்டுக்குள்ளும் அடங்கும். மூன்றைத் தாண்டி மேலே இருப்பவர் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒருவர்தான். ஆனால் எட்டுப் பேருக்குள் மட்டும் ஒப்பிட்டால், மற்ற ஏழு பேரும் ஒரே அளவில் நின்று நீங்கள் எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் 2.65-ஐத் தாண்ட முடியாது, ஏழின் வர்க்கமூலம் அவ்வளவுதான். அவர் மனதில் இதைவிடப் பெரிய கூட்டம் இருந்திருக்க வேண்டும், அல்லது 'ரொம்ப நல்ல ஆள்' என்பதை அப்படிச் சொல்லியிருக்கலாம். எப்படியானாலும் பாராட்டு பாராட்டுதான், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, அம்மாவுக்கு வருவோம். டி ஸ்கோர் ஒப்பிடுவது அம்மாவின் வயதுக்காரர்களோடு இல்லை, ஆரோக்கியமான இளம் வயதினரோடு. அவர்களின் சராசரியிலிருந்து 2.6 விலக்கம் கீழே என்பது சின்ன இறக்கம் இல்லை. -2.5-உம் அதற்குக் கீழும் இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை, என்று உலக சுகாதார அமைப்பு 1994-இல் வரையறுத்தது. மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தது அதனால்தான். 'இரண்டரைதானே' என்று தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், அறிக்கையில் 'இசட் ஸ்கோர்' என்று இன்னோர் எண் இருக்கிறதா பாருங்கள். அதுதான் அம்மாவை அவர் வயதுப் பெண்களோடு ஒப்பிடுவது. அது -2 அல்லது அதற்கும் கீழே என்றால், வயதைத் தவிர வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா என்று மருத்துவர் தேடிப் பார்ப்பார். அடுத்த முறை போகும்போது இரண்டு எண்களையும் காட்டிக் கேளுங்கள்.