பல்கலைக்கழகத் துறை அலுவலகத்துக்கு என்னென்ன தொலைபேசி வசதிகளைக் கேட்டு வாங்கவேண்டும்?

உங்கள் கேள்வியின் சாரம் இது: சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத் துறையின் அலுவலகம், ஏறக்குறைய 40 பேர், வேறு கட்டடத்துக்கு மாறுகிறது. ஐடி பிரிவு ஒரு படிவம் அனுப்பி, எத்தனை எக்ஸ்டென்ஷன் (உள் எண்), எத்தனை தொலைபேசிக் கருவி, எந்தெந்த வசதி என்று கேட்டிருக்கிறது. எதை டிக் செய்வது?

கருவிகளின் எண்ணிக்கையைக் கடைசியாக நிரப்புங்கள். முதலில் ஒரு தாளில் எழுதவேண்டியது, துறைக்கு வெளியிலிருந்து யார் யார் எதற்காக அழைக்கிறார்கள், பகல் ஒன்றரை மணிக்கு மேசையில் ஆள் இல்லாதபோது அந்த அழைப்பு எங்கே போகவேண்டும் என்பதை. எண்ணைப் பொறுப்புக்குக் கொடுங்கள், ஆளுக்குக் கொடுக்காதீர்கள். பிற்பாடு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை ஆளின் பெயரில் எண் இருப்பதால் வருபவை. இளநிலைப் படிப்பைக் கவனித்தவர் வேலை மாறிப் போவார். அவருடைய நேரடி எண் இணையப் பக்கத்திலும் கையேட்டிலும் மாணவர்களின் கைத்தொலைபேசிகளிலும் அப்படியே இருக்கும்.

40 பேர் துறைக்கு நான்கு பொறுப்பு எண்கள் போதும்: பொது எண், இளநிலைப் படிப்பு, முதுநிலை மற்றும் ஆய்வு மாணவர், நிதியும் கொள்முதலும். இந்த நான்குக்கும் தனிக் கருவி தேவையில்லை. அவை கருவியில்லா எண்களாக ஐடி பிரிவின் கட்டமைப்பில் இருக்கும். அழைப்பு வந்தால் யார் மேசையில் ஒலிக்கவேண்டும் என்பதை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம். வெளியே அச்சிடுவதும் இணையத்தில் போடுவதும் இந்த நான்கு எண்கள் மட்டுமே.

ஒரே எண்ணுக்கு வரும் அழைப்பைப் பலருக்குப் பகிர்வதைத்தான் ஹண்ட் குரூப் என்கிறார்கள். படிவத்தில் அதற்கு நான்கு விதங்கள் இருக்கும்: எப்போதும் முதலாமவரிலிருந்து வரிசையாக, சுழற்சி முறையில், அதிக நேரம் ஓய்வாக இருந்தவருக்கு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் என்பது கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் ஒரே அறையில் நான்கு கருவிகள் கத்த, அடுத்தவர் எடுப்பார் என்று நால்வரும் காத்திருப்பார்கள். முகப்பில் ஒருவர் நிரந்தரமாக உட்காரும் அலுவலகத்துக்கு வரிசை முறை பொருந்தும். முகப்பு என்று ஒன்று இல்லாமல் வேலையைச் சமமாகப் பிரித்துக்கொள்பவர்களுக்கு ஓய்வு நேர முறை நல்லது.

நேரக் கணக்குதான் இதில் முக்கியம், பலரும் தவறவிடுவதும் இதைத்தான். இங்கே மணி ஒரு சுற்று ஒலித்து அடங்க 3 வினாடி: இரண்டு குட்டி ஒலி, பிறகு 2 வினாடி அமைதி. ஒருவருக்கு 20 வினாடி வைத்து நால்வருக்குச் சுற்றினால் அழைப்பவர் 80 வினாடி வெறும் மணியோசை கேட்கவேண்டும், அதற்குள் வைத்துவிடுவார். ஒருவருக்கு 12 வினாடி, மூன்று பேர், மொத்தம் 36 வினாடி, அதன்பின் துறையின் வாய்ஸ்மெயில் என்று கேளுங்கள்.

இதோடு இன்னொன்றையும் சரிபார்க்கவேண்டும். குழுவில் இருப்பவர் தம் சொந்த எக்ஸ்டென்ஷனுக்கு 10 வினாடியில் வாய்ஸ்மெயில் என்று வைத்திருந்தால், சில கட்டமைப்புகளில் துறைக்கு வந்த அழைப்பு அடுத்தவருக்குப் போகாமல் அவருடைய பெட்டியில் விழுந்துவிடும். அவர் விடுப்பில் இருந்தால் இரண்டு வாரம் அங்கேயே கிடக்கும். குழு வழியாக வரும் அழைப்புக்குத் தனிநபர் ஃபார்வர்டு, அதாவது அழைப்பை வேறிடத்துக்குத் திருப்பும் ஏற்பாடு, செல்லாது என்ற அமைப்பு இருக்கிறதா என்று ஐடி பிரிவிடம் கேளுங்கள். இல்லையென்றால் தனிநபர் நேரத்தைக் குழு நேரத்தைவிட அதிகமாக, 12-க்கு எதிரே 18 வினாடி என்பதுபோல, வைக்கச் சொல்லுங்கள்.

வரிசையில் நிறுத்தும் வசதி, அதாவது கால் கியூ, வேறு. அது ஆண்டு முழுவதும் தேவைப்படாது. ஏ நிலைத் தேர்வு முடிவு வந்து விண்ணப்பம் நடக்கும் பிப்ரவரி, மார்ச் காலத்திலும் ஆகஸ்டில் பருவம் தொடங்கும்போதும் தேவைப்படும். நான்கு பேர் எடுக்கிறார்கள், ஓர் அழைப்புக்குச் சராசரி 4 நிமிடம் என்றால், வரிசையில் எட்டாவதாக நிற்பவர் ஏறக்குறைய 8 நிமிடம் காத்திருக்கவேண்டும். ஆகவே வரிசையின் உச்சவரம்பை எட்டு என்று வைத்து, ஒன்பதாமவருக்கு மின்னஞ்சல் முகவரியைச் சொல்லும் அறிவிப்பைப் போடுங்கள். வரம்பே வைக்காமல் அரை மணி நேரம் இசை கேட்கவைப்பது அழைப்பவருக்குச் செய்யும் கொடுமை.

வாய்ஸ்மெயில் துறைக்குப் பொதுவாக ஒன்று இருக்கட்டும். அது பொது மின்னஞ்சல் பெட்டிக்கு ஒலிக்கோப்பாக வரட்டும். வழக்கமான தொலைபேசித் தரத்தில் ஒரு நிமிடம் ஏறக்குறைய 480 கிலோபைட்தான், பெட்டி நிரம்பிவிடும் என்ற கவலை வேண்டாம். வரவேற்புச் செய்தியில் அடையாள அட்டை எண்ணைச் சொல்லும்படி கேட்காதீர்கள். சட்டம் கோரினாலோ அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்யும் தேவை இருந்தாலோ தவிர அந்த எண்ணைச் சேகரிக்கக்கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. மாணவர் எண், திரும்ப அழைக்கவேண்டிய எண், விஷயம், இந்த மூன்றும் போதும். பேராசிரியர்களுக்குத் தனி வாய்ஸ்மெயில் வேண்டுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, வேண்டாம் என்பவருக்கு மூடிவிடுங்கள். கேட்கப்படாத பெட்டி இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல்.

அலுவலக நேரம் முடிந்தபின் வேறு அறிவிப்பு ஒலிக்கும் வசதியைக் கட்டாயம் கேளுங்கள். வாரநாள் நேரத்தை ஒருமுறை போட்டால் போதும். பொது விடுமுறைகள் 11-ஐயும் ஆண்டுதோறும் புதிதாக ஏற்றவேண்டும். தீபாவளி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், விசாக தினம், சீனப் புத்தாண்டு எல்லாம் தேதி மாறுபவை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்கள் விடுமுறை. மனிதவள அமைச்சு அடுத்த ஆண்டுப் பட்டியலை வெளியிட்டதும் அதை ஏற்றும் வேலையை ஒருவர் பெயரில் எழுதிவையுங்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்திய நாள் அரைநாள் என்றால் அதற்குத் தனி வரி தேவை.

கால் ஃபார்வர்டில் மூன்று வகை: எப்போதும், பேசிக்கொண்டிருந்தால், எடுக்காவிட்டால். கைத்தொலைபேசிக்குத் திருப்புவோர் மறப்பது, அந்தக் கைத்தொலைபேசிக்கும் ஒரு வாய்ஸ்மெயில் உண்டு என்பதை. மாணவரின் செய்தி ஊழியரின் சொந்தப் பெட்டியில் போய்ச் சேரும். எடுத்ததும் 1 அழுத்தினால்தான் இணைப்பு என்ற அமைப்பு இருந்தால் அதைக் கேளுங்கள். வெளிநாட்டு எண்ணுக்கு ஃபார்வர்டு செய்யும் அனுமதியை எல்லா எக்ஸ்டென்ஷனிலும் மூடச் சொல்லுங்கள். 1234 போன்ற கடவு எண் வைத்த வாய்ஸ்மெயிலுக்குள் புகுந்து, ஃபார்வர்டை வெளிநாட்டுக்கு மாற்றி, வாரயிறுதி முழுக்க அழைப்புகளை ஓட்டுவது பழைய மோசடி. கட்டணம் துறையின் கணக்கில் ஏறும். வெளிநாட்டு அழைப்பு தேவைப்படுவோர் இப்போது மிகச் சிலர். இரண்டு மூன்று எண்களுக்கு மட்டும் திறந்து, அழைக்குமுன் ஒரு குறியீட்டு எண்ணை அழுத்தும்படி வையுங்கள். அந்தக் குறியீட்டை ஆய்வு மானியக் கணக்குவாரியாகக் கொடுத்தால், மாத இறுதியில் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று பட்டியல் தானாகவே பிரிந்து வரும்.

நீங்கள் வெளியே அழைக்கும்போது எந்த எண் தெரியவேண்டும் என்றும் படிவம் கேட்கும். நிர்வாக ஊழியர்களுக்கு அவரவர் பொறுப்பு எண் தெரியட்டும். மாணவர் திரும்ப அழைத்தால் குழுவில் யாராவது எடுப்பார். யார் எதற்காக அழைத்தார்கள் என்பதை ஒரு பகிர்தாளில் குறிக்கும் பழக்கம் இருந்தால்தான் இது உதவும். 2020 ஏப்ரல் முதல் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் பிளஸ் குறி தெரிகிறது. உங்கள் துறையின் அழைப்பு பல்கலையின் சிங்கப்பூர் இணைப்பு வழியாகத்தான் போகும், ஆகவே பிளஸ் இல்லாமல் 6-இல் தொடங்கும் எண்ணாகத் தெரியும். பிளஸ் 65 என்று வந்தால் அது நாங்கள் இல்லை என்று புதிய மாணவர்களிடம், குறிப்பாக இந்தியாவிலிருந்து வந்து இறங்கியவர்களிடம், முதல் வாரத்திலேயே சொல்லுங்கள். அதிகாரி பேசுவதாகச் சொல்லி மிரட்டும் மோசடியில் வெளிநாட்டு மாணவர்கள் சிக்குகிறார்கள். இந்த ஒரு தகவல் அவர்களுக்கு உண்மையான பாதுகாப்பு. துறை பெயரில் குறுஞ்செய்தி அனுப்புவதாக இருந்தால் அந்தப் பெயர் பதிவுசெய்யப்பட்டிருக்கவேண்டும். 2023 ஜனவரி இறுதியிலிருந்து பதிவில்லாத பெயர் லைக்லி-ஸ்கேம் என்ற முத்திரையோடு போகும். கட்டணப் படிப்பை விளம்பரப்படுத்தி அழைப்பது டெலிமார்க்கெட்டிங் கணக்கில் வரும். அதற்கு முன், விளம்பர அழைப்பு வேண்டாம் என்பவர்களின் எண்கள் உள்ள 'அழைக்கவேண்டாம்' பதிவேட்டைப் பார்க்கவேண்டும், பார்த்த முடிவு 21 நாள்தான் செல்லும்.

இப்போது கருவிகள். பேராசிரியர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் கணினியில் டீம்ஸ் போன்ற மென்பொருளும் ஒரு நல்ல ஹெட்செட்டும் போதும். மேசைக் கருவி முகப்புக்கும், ஆய்வகங்களுக்கும், பொதுவான அறைகளுக்கும் வேண்டும். கூட்ட அறைக்கு ஒரு கான்ஃபரன்ஸ் கருவி.

மேசைக் கருவிக்கு மின்சாரம் நெட்வொர்க் கம்பி வழியாகவே வருகிறது. அந்தக் கம்பிகள் வந்து சேரும் பெட்டிதான் நெட்வொர்க் சுவிட்ச். சாதாரண தர நிலையில் அது ஒரு முனைக்கு 15.4 வாட் வரை தரும். 24 முனையும் முழுதாக இழுத்தால் 370 வாட் தேவை. கேமராவும் வயர்லெஸ் கருவியும் அதே சுவிட்சில் இருந்தால், புதிதாகச் செருகிய தொலைபேசிகள் உயிர்பெறாமல் கிடக்கலாம். எத்தனை கருவி எந்த அறையில் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். சுவரில் உள்ள முனையின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். குரலுக்கான தனி வழி திறக்கப்படாத முனையில் செருகினால் திரை எரியும், ஆனால் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்ற வாசகத்திலேயே நின்றுவிடும். கருவியின் பின்னால் இரண்டு துளைகள்: ஒன்று சுவருக்கு, இன்னொன்று கணினிக்கு. இரண்டையும் சுவரில் செருகினால் நெட்வொர்க் தன்னைத்தானே சுற்றி, பாதுகாப்பு அமைப்பு இல்லாத இடங்களில் மாடி முழுக்கத் தொடர்பு அறுந்துவிடும். இடம் மாறும் நாளில் இது நடக்கும். கருவியை நகர்த்தும் தொழிலாளிகளிடம் சொல்லிவையுங்கள்.

அவசர அழைப்பு பற்றிப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லாமல் இருக்கலாம். நீங்களே கேளுங்கள். வெளி அழைப்புக்கு முதலில் 9 அழுத்தும் ஏற்பாடு இருந்தால், ஒருவர் பதற்றத்தில் ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்குமான 995 என்று மட்டும் அழுத்தும்போது முதல் 9-ஐ வெளி இணைப்பு என்று எடுத்துக்கொண்டு அமைப்பு மேலும் இலக்கங்களுக்காகக் காத்திருக்கலாம். 995, 9995 இரண்டும், அதுபோல் போலீசுக்கான 999, 9999 இரண்டும் உடனே இணையவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்தது இடம். பெரிய வளாகத்தில் எண்ணை வைத்து எந்தப் புளோக், எந்த மாடி என்று எதிர்முனையில் தெரியும் என்று நம்பியிருக்கக்கூடாது. ஒவ்வொரு கருவியிலும் புளோக், மாடி, அறை எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, வளாகப் பாதுகாப்புப் பிரிவின் எண் ஆகியவற்றை ஒட்டுங்கள். வளாகத்தில் கட்டடத்துக்குக் கட்டடம் அஞ்சல் குறியீடு வேறுபடும். பழைய கட்டடத்தின் ஒட்டு புதிய இடத்துக்குக் கருவியோடு வந்துவிடக்கூடாது.

ரசாயன ஆய்வகத்திலும் அடித்தள அறையிலும் கைத்தொலைபேசி அலைவரிசை கிடைக்காமல் போகலாம். அங்கே கையில் எடுத்ததும் பாதுகாப்புப் பிரிவுக்குத் தானாக இணையும் கருவி ஒன்று வையுங்கள். மின்தடை ஏற்பட்டால் அந்த மாடியின் சுவிட்சுக்கு யுபிஎஸ் இருக்கிறதா, எத்தனை நிமிடம் தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். யுபிஎஸ் இல்லையென்றால் விளக்கு அணையும் அதே நொடியில் தொலைபேசியும் செத்துவிடும்.

ஃபேக்ஸ் இன்னும் யாருக்காவது தேவை என்றால் மின்னஞ்சலுக்கு வரும் ஃபேக்ஸ் எண் கேளுங்கள். பழைய இயந்திரத்தை அடாப்டர் வைத்து இணைத்தால், பேச்சில் காதுக்கே தெரியாத சிறு தரவு இழப்பும் பக்கத்தைப் பாதியில் அறுத்துவிடும்.

ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய நேரடி எண்ணை உடனே புதியவருக்குக் கொடுக்காதீர்கள். ஆறு மாதம் பொது எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். இதற்கிடையே ஒருமுறைக் கடவுச்சொல் எதற்காவது அந்த எண்ணைக் கொடுத்திருந்தாரா என்று வெளியேறும் நாளிலேயே கேட்டு மாற்றவையுங்கள்.

புதிய இடத்தில் எல்லாம் பொருத்தியபின், ஐடி பிரிவின் ஆள் கிளம்புமுன் ஒரு கைத்தொலைபேசியிலிருந்து நான்கு பொறுப்பு எண்களையும் அழைத்துப் பாருங்கள். யாரும் எடுக்காமல் விட்டு, 36-ஆவது வினாடியில் துறையின் பெட்டி வருகிறதா என்று கேளுங்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது அழைப்பு அடுத்தவருக்குத் தாவுகிறதா என்று பாருங்கள். ஆறரை மணிக்குமேல் ஒருமுறை அழைத்து இரவு அறிவிப்பைச் சோதியுங்கள். 995-ஐ நீங்களாகச் சோதிக்கவேண்டாம். அந்த எண் எப்படி வழிநடத்தப்படுகிறது என்பதைக் கட்டமைப்பில் காட்டும்படி அவரிடமே கேட்டு, பார்த்த தேதியைக் குறித்துவையுங்கள்.