டெனாலியா, மெக்கின்லியா? அந்தச் சிகரத்துக்கு ஏன் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது?

வட அமெரிக்காவின் மிக உயரமான சிகரத்துக்கு எந்தப் பெயர் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க மத்திய அரசின் கணக்கில் இன்றைக்கு மெக்கின்லி. என்னைக் கேட்டால் டெனாலிதான்.

அலாஸ்காவில் இருக்கும் 20,310 அடி மலை அது. அந்தப் பக்கத்துக் கோயுகான் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக டெனாலி என்றே சொல்லி வந்தார்கள். 1896-ல் தங்கம் தேடிப் போன வில்லியம் டிக்கி என்பவர், அப்போது அதிபர் தேர்தலில் நின்ற ஒஹையோ மாநிலத்துக்காரர் வில்லியம் மெக்கின்லியின் பெயரைச் சூட்டிவிட்டார். மெக்கின்லி, பணத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் முறையை ஆதரித்தவர். தங்கம் தேடியவருக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான் உறவு. அவர் அலாஸ்கா பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. 1913-ல் உச்சியில் முதலில் கால் வைத்தவர் வால்டர் ஹார்ப்பர், கோயுகான் தாய்க்குப் பிறந்த இளைஞர். அந்தக் குழுவை நடத்திப் போன பாதிரியார் ஹட்சன் ஸ்டக், பழைய பெயரைத் திருப்பித் தரச் சொல்லி அப்போதே எழுதினார். யாரும் கேட்கவில்லை. 1917-ல் தேசியப் பூங்காவும் மெக்கின்லி பெயரிலேயே அமைந்தது.

1975-ல் அலாஸ்கா மாநிலமே முறைப்படி மனுப் போட்டது. அதற்கு விழுந்த முட்டுக்கட்டைதான் எனக்கு ஆறவே ஆறாது. அமெரிக்காவில் இடப்பெயர்களை முடிவு செய்வது மத்திய அரசின் பெயர் வாரியம். ஒரு பெயர் பற்றி நாடாளுமன்றத்தில் மசோதா நிலுவையில் இருந்தால் வாரியம் அந்த விஷயத்தைத் தொடாது. ஒஹையோ உறுப்பினர் ரால்ஃப் ரெகுலா அதைப் பிடித்துக்கொண்டு, மெக்கின்லி பெயரே இருக்கட்டும் என்று திரும்பத் திரும்ப மசோதா போட்டுக்கொண்டே இருந்தார். அது நிறைவேற வேண்டிய அவசியமே இல்லை, கிடப்பில் கிடந்தால் போதும். 2015-ல்தான், வாரியம் இவ்வளவு காலம் முடிவெடுக்காததையே காரணம் காட்டி, உள்துறை அமைச்சர் சாலி ஜுவல் டெனாலி என்று உத்தரவிட்டார்.

எங்கோ இருக்கிற மலைக்கு நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், நான் ஊட்டிக்காரன். எங்கள் ஊரைச் சுற்றி நான்கு மலைகள். தொட்டபெட்டா மட்டும் படுகர்கள் சொன்ன பெயரோடு தப்பித்தது. ஸ்நோடன், எல்க் ஹில், கிளப் ஹில் மூன்றும் வெள்ளைக்காரர் வைத்தவை. அவர்கள் எல்க் என்றது நம் கடமானை. இன்றைக்கும் முருகனைக் கும்பிட எல்க் ஹில்லுக்குத்தான் போகிறோம். வேல்ஸில் இருக்கும் அசல் ஸ்நோடனையே அங்குள்ள பூங்கா ஆணையம் 2022-ல் பழைய வேல்ஸ் மொழிப் பெயருக்கு மாற்றிவிட்டது. ஊட்டியில் இன்னும் ஸ்நோடன்தான். தோடர்களுக்கு இங்குள்ள மலைகள் தெய்வங்கள் குடியிருக்கும் இடம், அவர்கள் பாடல்களில் அவற்றுக்குப் பெயர் உண்டு. அதில் ஒன்றைக்கூட எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. இந்த வருத்தம் எனக்கு நிறையவே உண்டு.

சரி, 2025 விஷயம். ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே டிரம்ப் மறுபடி மெக்கின்லி என்று மாற்ற உத்தரவிட்டார். சிகரத்துக்கு மட்டும்தான். சுற்றியுள்ள பூங்கா 1980-லிருந்தே டெனாலி, அதில் மாற்றமில்லை. அடுத்த சில வாரங்களிலேயே அலாஸ்கா சட்டமன்றத்தின் இரு அவைகளும் டெனாலி என்ற பெயரே வேண்டும் என்று தீர்மானம் போட்டன. அதனால் நீங்கள் டெனாலி என்று தைரியமாக எழுதலாம்.