கிளைம்பிங் ரூட்டுக்கு கிரேடு போடும்போது யார் பேச்சு எடுபடணும்?

பாறை ஏறுற ரூட் எவ்வளவு கஷ்டம்னு கிரேடு போடுறப்ப கில்லாடிங்க சொல்றதை மட்டும் எடுத்துக்கணுமா, இல்ல ஏறுன எல்லாரும் ஓட்டு போடலாமான்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா ரெண்டுமே வேணாம். அந்த ரூட்ல நாலு தடவை விழுந்து, அஞ்சாவது தடவை தட்டுத்தடுமாறி மேல போய் சேர்ந்தாங்க பாருங்க, அவங்க சொல்றதுக்குத்தான் நான் மதிப்பு குடுப்பேன்.

நான் பெங்களூர்ல வேலை பாக்குறேன், லீவு கிடைச்சா பாறை ஏற கர்நாடகாவுல இருக்குற பாதாமி போயிடுவோம். சிவப்பு மணற்பாறை, செம வெயில், அசந்தா பையைத் தூக்கிட்டு ஓடுற குரங்கு. அங்க 6ஏன்னு சொல்லி என்னை ஒரு ரூட்ல ஏத்தி விட்டாங்க. எண் கூடக் கூட கஷ்டம், ஒரே எண்ணுக்குள்ள ஏ, பி, சின்னு கூடிக்கிட்டே போகும், பிளஸ் போட்டா இன்னும் கொஞ்சம் கூட. பாறையில ரோப்பை மாட்ட அடிச்சு வச்சிருக்குற ஆணி மாதிரி போல்ட் இருக்கும், அதுல மூணாவதுக்கு மேல ஒரு அருமையான பிடி இருக்கு, ஜக்குன்னு சொல்வோம், உள்ள கையை விட்டு தண்ணி ஜக்கோட காது மாதிரி பிடிச்சுக்கலாம். கீழ நல்லா கால் வைக்கிற இடத்துல நின்னு கையை நீட்டுனா ஆறடி ஆளுக்கு அது எட்டிடும். நான் அஞ்சடி ஒரு அங்குலம், எனக்கு ஒரு சாண் பத்தல. நடுவுல தீக்குச்சி கனத்துக்கு ஒரு விளிம்பு, அதுல நாலு விரல் நுனியை மட்டும் வச்சு, இடது காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வச்சு, அப்புறம் எம்பணும். அன்னைக்கு மூணு தடவை ரோப்ல தொங்குனேன், நடுவிரல் தோல் கிழிஞ்சது, மறுநாள் காலைல பாறை சூடாகுறதுக்கு முன்னாடி போய்த்தான் முடிச்சேன். இறங்கி வந்து இது 6பி பிளஸ்னு சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க. எங்க குரூப்ல ஒரு அண்ணன், 7சி ஏறுறவர், டீ குடிச்ச கையோட விறுவிறுன்னு ஏறி இறங்கிட்டு "இதுவா, 5சி தாம்மா"ன்னுட்டார்.

அவர் பொய் சொல்லல. அவருக்கு 5சி, 6ஏ, 6பி எல்லாமே மாடிப்படி. பன்னெண்டாங்கிளாஸ் கணக்கு வாத்தியார்கிட்ட போய் மூணாம் வாய்ப்பாடு கஷ்டமா ஏழாம் வாய்ப்பாடு கஷ்டமான்னு கேட்டா அவர் என்ன சொல்வார்? அதை இப்பதான் மனப்பாடம் பண்ணிட்டு இருக்குற புள்ளையைத்தான் கேக்கணும். கிரேடுங்கறது அடுத்து அங்க புதுசா வர்ற ஆளுக்கு எழுதி வைக்கிற சீட்டு. 6ஏ ரூட்டைத் தேடி வர்றவன் 6ஏ ஏறுறவனாத்தான் இருப்பான், அப்ப அவனை மாதிரி ஆளு சொன்னாத்தானே சரியா இருக்கும்.

முதல்ல ஏறுனவருக்கு உரிமை இல்லையான்னு கேப்பீங்க. பேர் வைக்கிற உரிமை முழுசா அவருக்குத்தான். ஆனா கிரேடு வெறும் முன்மொழிவு, வழிமொழிய ரெண்டாவது ஆளு வேணும். பிரான்ஸ்ல சியூஸ்னு ஒரு பாறை, அங்க பிப்லியோகிராஃபின்னு ஒரு ரூட். ஜெர்மனிக்காரர் அலெக்ஸ் மெகோஸ் 2020ல அதை முதல்ல ஏறி 9சி குடுத்தார். அதுக்கு முன்னாடி 9சின்னு இருந்தது ஆடம் ஓண்ட்ரா 2017ல நார்வேயில ஏறுன சைலன்ஸ் ஒண்ணுதான். அடுத்த வருஷம் இத்தாலிக்காரர் ஸ்டெஃபனோ கிசோல்ஃபி வந்து மெகோஸ் பண்ணதைவிட சுலபமா ஒரு வழி கண்டுபிடிச்சு ஏறிட்டு, 9பி பிளஸ் தான்னார். மெகோஸும் ஒத்துக்கிட்டார். உலகத்துல ரெண்டாவது 9சிங்கற பட்டத்தை இப்படி விட்டுக்குடுக்க பெரிய மனசு வேணும். நம்மாளுங்க முதன்முதலா ஏறுன 7ஏவை 6சி பிளஸ்னு குறைச்சு எழுதச் சொல்லுங்க பாப்போம், ஒருத்தன் எழுத மாட்டான். அதனாலதான் எல்லாரும் ஓட்டு போட்டு சராசரி எடுக்குறதையும் நான் முழுசா நம்புறதில்ல.

கூச்சத்துல குறைச்சுப் போடுறதும் உண்டு. கலிஃபோர்னியாவுல டாக்கீட்ஸ்ங்கற பாறையில 1950கள்ல 5.0ல இருந்து 5.9 வரைக்கும்னு வேற ஒரு ஸ்கேல் போட்டாங்க, நான் மேல சொன்ன 5சி, 6ஏ கணக்கு இல்ல, அதுக்கு மேல மனுஷன் போக மாட்டான்னு நினைப்பு. அதைவிட கஷ்டமா ஏறுனப்ப 5.9க்கு அடுத்ததா 5.10னு, அதாவது அஞ்சு புள்ளி பத்துன்னு, எழுதத் தயங்கி 5.9 பிளஸ்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. இன்னைக்கும் அங்க பழைய ரூட்ல 5.9 பிளஸ்னு பாத்தா பழைய ஆளுங்க கொஞ்சம் உஷாராவாங்க.

உடம்பு விஷயமும் இருக்கு. 1993ல அமெரிக்காக்காரங்க லின் ஹில், கலிஃபோர்னியாவுல யோசெமிட்டில எல் கேப்பிட்டன்ங்கற பெரிய பாறையில இருக்குற நோஸ் ரூட்டை முதன்முதலா ஃப்ரீயா ஏறுனாங்க, அதாவது ரோப் பாதுகாப்புக்கு மட்டும்தான், இழுத்துக்க இல்ல. அதுல ஒரு பகுதிக்கு இன்னைக்கு அந்த அமெரிக்க ஸ்கேல்ல 5.14ஏன்னு கிரேடு. உடனே அவங்களுக்கு விரல் சின்னது, அதான் வெடிப்புக்குள்ள போயிடுச்சுன்னு ஒரு பேச்சு. அஞ்சடி ரெண்டங்குலம் இருக்குற ஆளுக்கு எத்தனை பிடி எட்டாம போயிருக்கும், அந்தக் கணக்கை மட்டும் விட்டுட்டாங்க. குள்ளமா இருக்குறவ சொன்னா சாக்கு, நெட்டையா இருக்குறவன் சொன்னா கிரேடு, இது எந்த ஊரு நியாயம்? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க, வர்றவங்க தன் உயரத்துக்கு எடுத்துக்கட்டும்.

ஏறி முடிக்காதவங்க பேச்சு? கஷ்டத்துல எடுபடாது, ஏன்னா மேல என்ன இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது. ஆனா ஆபத்துன்னு வந்தா முதல்ல அவங்களைத்தான் கேப்பேன். போல்ட் எவ்வளவு தூரத்துல இருக்கு, விழுந்தா திட்டுல போய் இடிப்போமான்னு விழுந்தவனுக்குத்தான் தெரியும், விழவே விழாத அண்ணனுக்கு எங்க தெரியப் போகுது. பிரிட்டன்காரங்க பழைய முறைப்படி ஈ5 6ஏன்னு ரெண்டு பாகமா எழுதுவாங்க, இந்த 6ஏ நான் மேல சொன்ன 6ஏ இல்ல, அது வேற கணக்கு. முன்பாதியில பயமும் ஆபத்தும் சேர்ந்த மொத்தக் கஷ்டம், பின்பாதியில இருக்குறதுலயே கஷ்டமான அந்த ஒரு மூவ். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

அந்த பாதாமி ரூட்டுக்கு குரூப் நோட்டுல கடைசியா 6ஏ பிளஸ்னு எழுதுனாங்க. பக்கத்துல நான் பென்சில்ல "ஜக் எட்டலைன்னா 6பி பிளஸ்"னு சேத்து வச்சேன். போன மாசம் பாத்தா அதுக்குக் கீழ அண்ணன் கையெழுத்துல "சும்மா"ன்னு இருக்கு.